கரண்ட் இல்லாத மழை நாட்களில் தரைக்குக் கீழே உள்ள அறையை எப்படிக் காப்பாற்றுவது? (பெரம்பூர் பக்கம்)

செம்பியம்_வாசி

வணக்கம். எங்கள் வீடு பெரம்பூரில், செம்பியம் பக்கம். தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டுமாம். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வாசலுக்கே வர வேண்டும். அதற்கும் கீழே, மாடிப்படிக்கு அடியில் ஐந்து படி இறங்கினால் 12-க்கு 10 அடியில் ஓர் அறை இருக்கிறது. அப்பா பைண்டிங் கடை வைத்திருந்த காலத்தில் காகிதம் அடுக்கக் கட்டியது. இப்போது இன்வெர்ட்டர், சம்ப் மோட்டார், அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள், பழைய பீரோ எல்லாம் அங்கேதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்த அறை இடுப்பளவு நிரம்பியது. தெருத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டும் முன்பே, அறை மூலையில் இருக்கும் நானி டிராப் (தரைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும் துவாரம்) வழியாகக் கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு வந்தது. அப்புறம் தரை ஓரத்திலிருந்து ஊற்று. கரண்ட் அதற்கு முன்பே போய்விட்டது. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் உடனே வரவில்லை. மோட்டார் இருந்தும் பயனில்லை.

இந்த ஐப்பசிக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும். எத்தனை ஹெச்பி பம்ப் வாங்கலாம்? இன்வெர்ட்டரில் ஓடுமா? ஜெனரேட்டர் வாங்குவது மேலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வயரிங்_அண்ணன்

தம்பி, பம்ப் பேச்சுக்கு முன்னால் ஒன்று. அந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இந்த வாரமே மேலே ஏற்றுங்கள். மாடிப்படித் திருப்பத்தில் ஓர் இரும்பு ஸ்டாண்ட் அடித்தால் போதும். 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி 50 கிலோவுக்கு மேல் வரும், மழை நடுவில் இருட்டில் அதைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது.

கரண்ட் ஏன் அவ்வளவு நாள் வரவில்லை என்று தெரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். உங்கள் பக்கம் பெரும்பாலும் தரைக்கடி கேபிள். அது தெருவோரப் பில்லர் பாக்ஸுக்கு வந்து அங்கிருந்து வீடுகளுக்குப் பிரிகிறது. வெள்ளம் அந்தப் பெட்டிக்குள் ஏறினால் தெருவில் நடக்கிறவர் உயிருக்கே ஆபத்து. அதனால் மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடும், நிறுத்துவதுதான் சரி. தண்ணீர் இறங்கி, பெட்டியைச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் திரும்பக் கொடுப்பார்கள். ஆகவே பள்ளமான தெருவுக்குத்தான் கடைசியில் கரண்ட் வரும். உங்கள் அறைக்குத் தண்ணீர் வருகிற நேரமும் கரண்ட் இல்லாத நேரமும் ஒன்றுதான். இதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

இப்போது கணக்கு. 12-க்கு 10 அறையில் ஓர் அடி தண்ணீர் என்றால் 120 கன அடி, அதாவது சுமார் 3,400 லிட்டர். நல்ல அரை ஹெச்பி டிரெய்னேஜ் பம்ப், அதிக உயரம் தூக்க வேண்டியில்லை என்றால், நிமிடத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும். அரை மணி நேர வேலை. அந்தப் பம்ப் இழுப்பது 500 வாட் பக்கம். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் தாளில் 1,800 வாட்-மணி இருக்கும், கைக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு. சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 900 விஏ இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகிவிடும். 1,500 விஏக்கு மேல் வேண்டும், சைன் வேவ் வேண்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் சூடேறும்.

1 ஹெச்பி வாங்காதீர்கள். உங்கள் அறைக்குத் தேவையில்லை, இன்வெர்ட்டரிலும் நிற்காது.

ஓட்டேரி_மேஸ்திரி

அண்ணன் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் இறைக்கலாமா என்பதையே யாரும் கேட்கவில்லை.

தெருவில் வெள்ளம் நிற்கும்போது உங்கள் அறையைச் சுற்றியுள்ள மண்ணும் நனைந்து, சுவரை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் இல்லாமல் வெளியே 3 அடி நின்றால், 12 அடி நீளச் சுவர் ஒன்றின் மேல் மட்டும் ஒன்றரை டன் சாய்கிறது. இது தண்ணீரின் அழுத்தம் மட்டும், ஈர மண்ணின் எடை தனி. தரையைப் பாருங்கள்: 120 சதுர அடித் தரையை 3 அடி தண்ணீர் கீழிருந்து பத்து டன் விசையோடு மேலே தள்ளும். அந்தக் காலத்தில் போட்ட 4 அங்குல ஜல்லித் தரையின் எடை மூன்று டன்கூட வராது. அது எப்படித் தாங்கும்? நீங்கள் சொன்ன ஊற்று அதுதான். தரை ஓரமாக வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. அப்படி வந்ததால்தான் தரை உடையாமல் தப்பித்தது என்பேன்.

உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அந்த நேரத்தில் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறது. தெருவில் தண்ணீர் நிற்கும்வரை அறையை இறைக்காதீர்கள். தெரு வடிந்த பிறகும் ஒரே மூச்சில் காலி செய்யக் கூடாது. ஓர் அடி இறக்குங்கள், சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள், மறுநாள் காலை பாருங்கள். கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் மண்ணில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், காத்திருங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த அடி. பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஒரு நாள் முன்னால் இறைத்து நீங்கள் காப்பாற்றப்போவது ஒன்றுமில்லை, நனைந்தது நனைந்ததுதான். சுவர் சரிந்தால் மேலே இரண்டு மாடி இருக்கிறது.

செம்பியம்_வாசி

ஐயா, அப்படியென்றால் பம்ப்பே வேண்டாமா? தண்ணீர் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அம்மா கேட்டால் என்ன சொல்வேன்?

ஓட்டேரி_மேஸ்திரி

பம்ப் வேண்டும், கடைசி வேலைக்கு வேண்டும். முதல் வேலை கரண்ட் தேவைப்படாத வேலை. அதை வரிசையாகச் செய்தால் பம்ப் ஓடும் நேரம் பாதியாகக் குறையும்.

அந்த அறையில் நனைந்தால் கெடும் பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பித்தளை இருக்கட்டும், கழுவினால் சரியாகிவிடும். மர பீரோ, காகிதம், துணி, மின்சாதனம் எல்லாம் மேலே போகட்டும். சம்ப் மோட்டாரைப் படிக்கட்டுக்கு மேல் மட்டத்தில் பலகைக்கல் போட்டு மாற்றுங்கள். குழாய் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

சம்ப்பைப் பற்றி ஒன்று. புயல் வருகிறது என்றால் சம்ப்பை விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். காலியான சம்ப் நனைந்த மண்ணில் கப்பல் மாதிரி மிதக்கப் பார்க்கும். 6,000 லிட்டர் தொட்டியை நிலத்தடி நீர் ஆறு டன் விசையில் மேலே தூக்கும். சுவரில் விரிசல் விடும், குழாய் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். நிறைந்த தொட்டி அசையாது. குடிக்கவும் தண்ணீர் ஆச்சு. மூடியைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குக் கட்டைச் சுவர் கட்டி, மூடிக்கு ரப்பர் பட்டை வைத்து இறுக்கினால் சாக்கடை உள்ளே போகாது. கரண்ட் இருக்கும்போதே மாடித் தொட்டியையும் நிரப்பிவிடுங்கள்.

வியாசர்பாடி_அக்கா

தம்பி, உங்களுக்குத் தண்ணீர் முதலில் எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானி டிராப் வழியாக. எங்கள் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம், பின்னால் பாத்ரூமிலிருந்து வீடு நிரம்பும்.

கழிவுநீர் உந்து நிலையம் ஓடக் கரண்ட் வேண்டும். அங்கே வேகம் குறைந்தாலும் சரி, மழைத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்தாலும் சரி, தெரு மேன்ஹோலில் மட்டம் ஏறும். ஏறிய தண்ணீர் அந்தத் தெருவில் எந்த வீட்டுத் துவாரம் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் முதலில் எட்டிப் பார்க்கும். உங்கள் அறைதான் அந்தத் தெருவிலேயே தாழ்வான துவாரமாக இருக்கும்.

நாங்கள் செய்வது இது. நானி டிராப்பின் ஜல்லடையைக் கழற்றிவிட்டு, அதே அளவு பிவிசி பைப்பை ரப்பர் ரிங் போட்டுச் செங்குத்தாகச் சொருகிவிடுவோம். எங்களுக்கு 3 அடி போதும், நுனி தெருத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும். சாக்கடை அந்தப் பைப்புக்குள்ளேயே ஏறி, தெருத் தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். தரையில் வழியாது. மூடி போட்டு அடைத்தால் சில நேரம் அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு வரும், பைப் அப்படி வராது. இதற்குக் கரண்ட் வேண்டாம், பிளம்பர் வேண்டாம். மழைக்கு முன்பே ஒரு முறை சொருகிப் பாருங்கள், அளவு சரியில்லை என்று நடுராத்திரியில் தெரிந்தால் கடை திறந்திருக்காது.

கக்கூஸ் கோப்பைக்கு: பாலிதீன் பையில் மணல் அடைத்து, பழைய துணி சுற்றி, உள்ளே அழுத்தி வைத்து மேலே கனமான கல் வைப்போம். தாங்கும், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டுமென்றால், தெருவுக்குப் போகும் கடைசிச் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வ் (வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவு) வைக்கலாம். எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். அதில் இரண்டு விஷயம். அந்தக் கதவில் தலைமுடி, துணித்துண்டு மாட்டினால் மூடாது, புரட்டாசியில் ஒரு முறை திறந்து கழுவ வேண்டும். அடுத்தது, வால்வ் மூடியிருக்கும்போது மாடியில் இருப்பவர்கள் தண்ணீர் ஊற்றினால் அது வெளியே போக முடியாமல் கீழ் வீட்டுக்குத்தான் வரும். மாடிக் குடித்தனத்திடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எங்களுக்கு மேலே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள், புயல் அன்று வாளியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

செம்பியம்_வாசி

அக்கா, அந்தப் பைப் யோசனை இத்தனை வருடம் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நாளைக்கே அளவெடுக்கிறேன்.

மாதவரம்_சங்கம்

எங்களுடையது அடுக்குமாடி, பேஸ்மென்ட் பார்க்கிங். சங்கத்தின் சார்பில் ஜெனரேட்டர் இருக்கிறது. தனி வீட்டுக்காரர்களும் ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து. பம்ப், ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஓடும். மேஸ்திரி ஐயா சொல்வதை எல்லா வீட்டுக்கும் பொருத்த வேண்டியதில்லை. எங்களுடையது ஆர்சிசி ரீட்டெய்னிங் சுவர் (மண் அழுத்தத்தைத் தாங்கக் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் சுவர்), தண்ணீர் வர வர இறைக்கலாம் என்று கட்டுநரின் பொறியாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பேஸ்மென்ட் உள்ள குடியிருப்புக்காரர்களுக்கு நான் பார்த்த வரையில்: சரிவுப் பாதை தெருவிலிருந்து நேராக இறங்கக் கூடாது. இறங்குவதற்கு முன் தெரு மட்டத்தை விட ஓர் அடியாவது உயர்ந்த மேடு வேண்டும். அந்த மேட்டின் இருபுறமும் சுவரில் இரும்புச் சேனல் பதித்து, தேவைப்படும்போது பலகையை மேலிருந்து இறக்கி நிறுத்துகிற மாதிரி செய்திருக்கிறோம். பலகையின் அடியில் ரப்பர் பட்டை, முன்னால் தார்ப்பாய், அதன் மேல் மணல் மூட்டை. மூட்டையைப் பாதிதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் ஒன்றோடு ஒன்று அழுந்திப் பொருந்தும். முழுக்க அடைத்த மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் சுலபமாக வரும்.

லிஃப்ட்டைப் புயலுக்கு முன்பே மேல் தளத்தில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுகிறோம். லிஃப்ட் குழிதான் கட்டடத்திலேயே ஆழமான இடம், முதலில் நிரம்புவது அதுதான். கார்களை முந்தின நாளே வெளியே எடுத்துவிட வேண்டும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியதை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு காரை எடுக்க யாரையும் கீழே விடாதீர்கள். வாட்ச்மேனைக் கட்டாயம் அனுப்பாதீர்கள். கார் போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது.

வயரிங்_அண்ணன்

சார், உங்கள் ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது? பேஸ்மென்ட்டிலா, மேலேயா?

மாதவரம்_சங்கம்

முன்பு பேஸ்மென்ட்டில். மிக்ஜாமுக்குப் பிறகு மின் பேனலையும் சேர்த்துத் தரை மட்டத்துக்கு மேலே, ஒரு மேடை கட்டி மாற்றிவிட்டோம். செலவு அதிகம்தான், ஆனால் ஒருவரும் எதிர்க்கவில்லை.

வயரிங்_அண்ணன்

நல்ல காரியம். பல இடங்களில் தண்ணீர் இறைக்க வைத்த ஜெனரேட்டரே முதலில் முழுகுகிறது.

தனி வீட்டுக்கு ஜெனரேட்டர் என்றால் நான் பயப்படுவது வேறு. மழை அடிக்கிறது, சத்தம் வருகிறது, திருடு போகும் என்று சொல்லி அதை வராண்டாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்துவிடுகிறார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் தலைவலி, மயக்கம் மாதிரி இருக்கும், தூக்கம் என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள், பார்க்கிங்குக்குள், ஜன்னலுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில், மேலே மட்டும் தகரம் போட்டு வையுங்கள். நம் தெருக்களில் அத்தனை இடம் யாருக்கு இருக்கிறது? அதனால்தான் பெரம்பூர் மாதிரி இடங்களில் தனி வீட்டுக்கு நான் சொல்வதில்லை. மொட்டை மாடியில் வைக்க முடிந்தால் யோசிக்கலாம், அங்கேயும் படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இன்னொன்று. ஜெனரேட்டர் வயரை எடுத்து வீட்டு பிளக்கில் சொருகி வீடு முழுக்க ஓட்டுகிறார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைப்பது) இல்லாமல் அப்படிச் செய்தால் கரண்ட் வெளியே கம்பத்துக்கும் கேபிளுக்கும் ஓடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பித் தண்ணீரில் நின்று வேலை செய்யும் மின்வாரிய ஊழியர் மேல் அது பாயும். நமக்காக ராத்திரியெல்லாம் நிற்கிற மனிதர் அவர். தயவு செய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

காசிமேடு_கடற்கரை

நாங்கள் படகுக்காரர்கள், எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. வடக்கே அந்தக் கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கிறது. புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். கடல் இறங்கும் நேரத்தில்தான் கால்வாய் ஓடும், கால்வாய் ஓடினால்தான் தெரு வடியும். பூண்டியிலும் புழலிலும் தண்ணீர் திறந்தால் அதுவும் மணலி, சடையங்குப்பம் வழியாக அதே எண்ணூருக்குத்தான் வருகிறது. மழை நின்றுவிட்டது என்று நீங்கள் இறைக்க ஆரம்பித்தால், இறைத்த தண்ணீர் தெருவில் நின்று திரும்ப உங்கள் வாசலுக்கே வரும். தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஓர் இலையைப் போட்டுப் பாருங்கள். நகர ஆரம்பித்த பிறகு பம்ப்பை ஓட்டுங்கள்.

கரண்ட் வேண்டாம் என்றால் இன்ஜின் பம்ப் இருக்கிறது. 2 அங்குல பெட்ரோல் பம்ப் நிமிடத்துக்கு 500 லிட்டர் தள்ளும். இன்ஜின் வெளியே நிற்கும், உறிஞ்சு குழாய் மட்டும் உள்ளே போகும். அதனால் அண்ணன் சொன்ன புகைப் பிரச்சினையைச் சமாளிக்கலாம். குழாய் நுனியில் ஃபுட் வால்வும் (உறிஞ்சிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) ஜல்லடையும் வேண்டும், இல்லாவிட்டால் பாலிதீன் கவர் ஒன்று போதும் அடைத்துவிட. ஒரு வீட்டுக்கு இது அதிகம். எங்கள் குப்பத்தில் வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், மாதம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க ஓர் ஆள். புயல் வந்த பிறகு வாடகைக்குத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற காசு கொடுக்க முடியாது.

எர்ணாவூர்_தம்பி

யாரும் எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்தது வெறும் வெள்ளம் இல்லை, கச்சா எண்ணெய் கலந்த வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தார் பூசின மாதிரி கறுப்புப் பட்டை. பிளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது. முதலில் மரத்தூளைத் தூவி ஊறவிட்டு, தகரத்தால் வழித்து, மூட்டையில் கட்டித் தனியாக வைத்தோம். அப்புறம்தான் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் வெந்நீரும். கையுறை இல்லாமல் தொட்டவர்களுக்குத் தோல் எரிச்சல் வந்தது.

மணலி, எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பெட்ரோல் வாடை, கெரசின் வாடை அடிக்கும் அறைக்குள் மெழுகுவர்த்தியோ விளக்கோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டார்ச் மட்டும். தரைக்குக் கீழே உள்ள அறையில் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடும். வெளியிலிருந்தே கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு நிறைய நேரம் காத்திருங்கள். சம்ப்புக்குள் எண்ணெய் போய்விட்டால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்க முடியாது. மேஸ்திரி சொன்ன அந்த ஓர் அடிக் கட்டையும் இறுக்கமான மூடியும் எங்கள் பக்கத்துக்கு உயிர்.

வியாசர்பாடி_அக்கா

சம்ப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வெள்ளம் வடிந்ததும் சம்ப் கழுவ, செப்டிக் டேங்க் பார்க்க என்று ஐந்நூறு, ஆயிரம் கொடுத்து எங்கள் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். மூடிக் கிடந்த சாக்கடைத் தொட்டிக்குள் விஷவாயு இருக்கும், இறங்கின நிமிடத்தில் மயங்கி விழுவார்கள், தூக்கப் போகிறவரும் விழுவார். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. குடிநீர் வாரியத்துக்கு 1916-இல் சொன்னால் இயந்திர வண்டி அனுப்புவார்கள். இரண்டு நாள் தாமதமாகட்டும். ஆளை இறக்காதீர்கள். சாக்கடை புகுந்த சம்ப்பும் அப்படித்தான்.

கொளத்தூர்_மருமகள்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. சிறிய விஷயம் ஒன்று சேர்க்கிறேன். மாமியாருக்கு இன்சுலின். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதன் நடுவில் சிறிய மண்சட்டி வைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதற்குள் வைத்தோம். ஈரத்துணி போட்டு மூடி, காற்றுப்படும் இடத்தில் வைத்தால் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. எதற்கும் உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

சாக்கடைத் தண்ணீரில் இறங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு அப்புறம் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் இறங்கியதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ரப்பர் பூட்ஸ் அவசியம், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

மாதவரம்_சங்கம்

செம்பியம் நண்பருக்கு ஒரு கேள்வி. வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்துகிறார்களே, அதை யோசித்தீர்களா? எங்கள் பக்கம் இரண்டு வீடுகளை மூன்றடி உயர்த்தியிருக்கிறார்கள்.

செம்பியம்_வாசி

விசாரித்தோம் சார். இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய வீடு. பொதுச்சுவர் இருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஓட்டேரி_மேஸ்திரி

முடியாதுதான். பக்கத்துச் சுவரையும் சேர்த்துப் பிடுங்கும். தனியாக நிற்கும் வீட்டுக்குத்தான் அது.

தம்பி, மனதில் இருப்பதைச் சொல்கிறேன், அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அந்த அறையை மூடிவிடுங்கள். தெரு இனி இறங்கப்போவதில்லை. சுவருக்குள் பூசுகிற வாட்டர் புரூஃபிங் எல்லாம் ஈரக்கசிவுக்குச் சரி, கீழிருந்து பத்து டன் தள்ளும்போது அது நிற்காது. பூச்சோடு உரிந்து வரும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் உள்ளே புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் தொட்டியே கட்ட வேண்டும், அந்தச் செலவுக்கு மாடியில் ஓர் அறை கட்டிவிடலாம். நானி டிராப்பைச் சேம்பர் பக்கமே அடைத்து, ஆற்று மணலோ எம்-சாண்டோ அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டு இடித்து, மேலே தளம் போட்டுவிட்டால் சுவருக்கும் பலம், வீட்டுக்கும் பலம். அதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளர் நேரில் வந்து அஸ்திவாரத்தைப் பார்க்கட்டும்.

செம்பியம்_வாசி

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா கட்டின அறை என்று முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து டன் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த மழைக்காலம் போகட்டும், தை பிறந்ததும் பொறியாளரைக் கூப்பிடு என்றார்கள். பித்தளையை மட்டும் அடுக்களைப் பரணில் ஏற்றிவிட்டோம்.

அதுவரைக்கும்: நானி டிராப்புக்குப் போதிய உயரத்துக்குப் பைப் வாங்கி, சொருகியும் பார்த்தாயிற்று, சரியாக உட்காருகிறது. இன்வெர்ட்டர் மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்விட்டது. சம்ப் கட்டை வேலை அடுத்த வாரம். மாடிக் குடித்தனத்திடம் பேசிவிட்டேன். தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து இன்ஜின் பம்ப் வாங்கச் சம்மதித்திருக்கிறோம், எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் வைப்போம்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஈபி மீட்டரும் மெயினும் வாசல் பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதை நாமே மேலே ஏற்றலாமா?

வயரிங்_அண்ணன்

நாமே கை வைக்கக் கூடாது. மீட்டரில் மின்வாரியத்தின் சீல் இருக்கும், அதை உடைத்தால் உங்கள் மேல்தான் கேஸ் வரும். உங்கள் பிரிவு அலுவலகத்தில் மீட்டர் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள். உள் வயரிங்கை லைசென்ஸ் உள்ளவரை வைத்து முன்பே தயார் செய்துவிட்டால், அவர்கள் வந்து மாற்றி சீல் வைத்துக் கொடுப்பார்கள். 2023-இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே இரண்டடி வைத்துக் கேளுங்கள், ஆனால் கை எட்ட வேண்டும், ஸ்டூல் போட்டு ஏறுகிற உயரம் வேண்டாம். அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி எம்சிபி வைத்தால், கீழே ஈரம் காயும்வரை மாடிக்கு மட்டும் கரண்ட் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் மெயினை அணையுங்கள், தெருவில் கரண்ட் போய்விட்டாலும் அணையுங்கள். திடீரென்று திரும்ப வரும். இன்வெர்ட்டருக்குத் தனி சுவிட்ச், அதையும் மறக்க வேண்டாம், மெயினை அணைத்தாலும் அதன் லைனில் கரண்ட் இருக்கும். கால் ஈரத்தில் நிற்கும்போது மெயினைத் தொடாதீர்கள். அந்த நிலைமை வந்துவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் பேசி வெளியிலிருந்தே துண்டிக்கச் சொல்லுங்கள். வடிந்த பிறகு, நனைந்த பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றையும் திறந்து காயவைத்து, ஒருவரை விட்டு மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பின்தான் மெயினைப் போட வேண்டும். முழுகின மோட்டாரைக் காய்ந்துவிட்டது என்று ஓட்டிப் பார்க்க வேண்டாம், நேராக வைண்டிங் கடைக்குக் கொண்டு போங்கள்.

பிரிவு அலுவலகத்துக்கு இந்த வாரமே போய்விடுங்கள் தம்பி. மழை ஆரம்பித்தால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.